தைராய்டு ஆன்டிபாடி எண் ஏறினால் நோய் முற்றியதாகுமா?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி: போன வருஷம் ஆன்டி டிபிஓ 480. இப்போ 610. மாத்திரை ஒழுங்காத்தான் போடுறேன். நோய் முத்திடுச்சா டாக்டர்?

இல்லைம்மா. தைராய்டு சுரப்பியில் டிபிஓ என்றொரு நொதி உண்டு. அதை நம் உடம்பே எதிரியாக நினைக்கிறது என்பதற்கான தடயம்தான் இந்த ஆன்டிபாடி. உடம்பே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ அழற்சி உள்ளவர்களில் 100-க்கு 90 பேருக்கு இது இருக்கும். இருக்கிறதா, இல்லையா என்று ஒருமுறை தெரிந்தால் போதும்.

உங்கள் ரிப்போர்ட்டுகளின் ஓரத்தில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். ஒன்றில் 34 வரை நார்மல், இன்னொன்றில் 9 வரை. லேப் வேறு, கிட் வேறு. ஏலத்தில் கூடையாக எடுத்த மீனையும் கடையில் கிலோவாக வாங்கிய மீனையும் ஒப்பிடுவீர்களா? மாத்திரை அளவைத் தீர்மானிப்பது, தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்தான். வருஷா வருஷம் ஆன்டிபாடிக்குக் கொடுக்கும் காசு வீண்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: மனைவிக்குத் தைராய்டு கம்மி என்று மாத்திரை ஓடுகிறது. திடீரென்று அதிகம் என்று ரிப்போர்ட், டிஆர்ஏபி என்ற இன்னொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவ். ஆனால் படபடப்போ மெலிவோ இல்லை.

முடி கொட்டுகிறதென்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? லேபில் நான் முதலில் கேட்பது இதைத்தான். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், கொட்டினால் பயோட்டின் வாங்குவார்கள், அந்தப் பயோட்டின் பரிசோதனையையே குழப்பிவிடும். பல இயந்திரங்கள் பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்தி அளக்கின்றன. ரத்தத்திலும் அது நிறைந்திருந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாக இறங்கும்; தைராய்டு ஹார்மோனான எஃப்டி4-உம் டிஆர்ஏபி-யும் பொய்யாக ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் மாதிரியே அச்சு அசலாக இருக்கும்!

டாக்டர் சீட்டில் இது இருக்காது, மருந்துக்கடையில் தானாக வாங்கியதாயிற்றே. டப்பாவின் பின்பக்கம் 5 அல்லது 10 மில்லிகிராம் என்றிருக்கும். அன்றாடத் தேவையோ 30 மைக்ரோகிராம்தான். டாக்டரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது 2 நாள் பயோட்டினை நிறுத்தி மறுபடி ரத்தம் கொடுங்கள். புது மருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

வியாசர்பாடி: வெறும் வயிற்றில் வரணுமா?

ஆன்டிபாடிக்குத் தேவையில்லை. எஃப்டி4-உம் பார்ப்பதானால் முதலில் ரத்தம், பிறகு தைராய்டு மாத்திரை, அரைமணி கழித்து இட்லி.

திருவொற்றியூர்: 10 வாரம் கர்ப்பம். டிஎஸ்ஹெச் நார்மல், டிபிஓ பாசிட்டிவ். குழந்தைக்கு ஆபத்தா?

பாசிட்டிவ் என்பதற்காகவே பயப்படாதீர்கள். கர்ப்பத்தில் தைராய்டுக்கு வேலை கூடும், அடிபட்ட சுரப்பி திணறலாம். அதனால் பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கொருமுறை டிஎஸ்ஹெச் பாருங்கள். முன்பு கிரேவ்ஸ் இருந்திருந்தால் கதை வேறு. டிஆர்ஏபி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தொடும், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் வருஷத்தில் சிலருக்குத் தைராய்டு ஏறிப் படபடப்பு வரும், அது அடங்கி அசதி வரும். "பிள்ளை பெத்தவளுக்கு அசதி இருக்காதா?" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் ஒரு டிஎஸ்ஹெச் கொடுத்துவிட்டு வாருங்கள்.