பயிற்சியில் விழும் பந்து போட்டியில் ஏன் விழுவதில்லை?

வலைப்பந்தாட்டத்தில் கோல் போடும் இடத்தில் ஆடுகிறீர்கள். பயிற்சியில் பந்து தப்பாமல் விழுகிறது, போட்டி என்றதும் ‘இதுவும் போகாது’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது, அதை எப்படி வாயடைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாயடைக்கப் போகாதீர்கள். திருகோணமலையில் பாடசாலை அணிக்கு அதே இடத்தில் ஆடியவள் நான். இப்போது மாலை நேரங்களில் பிள்ளைகளைப் பழக்குகிறேன். அந்தக் குரல் கேட்காத பிள்ளை ஒன்றையும் இதுவரை கண்டதில்லை. நினைக்காதே என்றால் மனம் அதையேதான் நினைக்கும். டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லிச் சிலரை உட்கார வைத்தார். மணி திரும்பத் திரும்ப அடித்தது.

உங்களுக்கோ பந்து கைக்கு வந்தால் 3 விநாடிதான். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் இருப்பதுபோல் பின்னால் பலகையும் இல்லை. அந்த நேரத்துக்குள் குரலோடு வாதாடி வென்றுவிட்டு எறிவது நடக்கிற காரியமா? அதனால் மனத்துக்கு வேறொரு சின்ன வேலையைக் கொடுத்துவிடுங்கள். என் பிள்ளைகள் பந்தைப் பிடித்ததும் வளையத்தின் பின்விளிம்பைப் பார்த்து, ‘முழங்கால்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார்கள். பயத்தில் முதலில் விறைப்பது முழங்கால்தான். அது மடியாவிட்டால் கை மட்டும் தனியே தள்ளும். பந்து வளையத்தை எட்டாமல் முன்னாலேயே விழும். ‘என்னால் முடியும்’ என்று சொல்லிப் பார்க்கலாமே என்பீர்கள். பதற்றத்தில் இருப்பவளின் மனம் அதை நம்புவதில்லை, உடனே எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடும். முழங்காலை மடக்குவதற்கு நம்பிக்கை தேவையில்லை.

இன்னொன்று, பயிற்சியில் விழுகிறது என்கிறீர்களே, அது எப்படிப்பட்ட பயிற்சி? காற்றில்லாத காலையில், எதிரே ஒருவரும் இல்லாமல், நின்ற இடத்தில் நின்று எறிவதா? எங்கள் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைதானத்து மணல் கண்ணுக்குள் வரும், வியர்த்த கையில் பந்து வழுக்கும். அப்படிப்பட்ட நேரம் பார்த்து எறிந்து பழகுங்கள். மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து மூச்சு வாங்க வாங்க எறியுங்கள். அணியில் உயரமானவளை 3 அடி தள்ளி நிறுத்தி, கைகளை உயர்த்தச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று கிண்டல் செய்ய இரண்டு பேரும் வேண்டும்; அதற்கு எந்த அணியிலும் ஆள் பஞ்சம் இல்லை. தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளைவிடத் தானே செய்து முடித்த அனுபவமே வலுவான ஆதாரம் என்று அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இலேயே எழுதியிருக்கிறார். மைதானச் சுவரில் ஊக்க வாசகம் எழுதுபவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

சில வேளை அந்தக் குரல் சொல்வது உண்மையாகவும் இருக்கும். இடது பக்கத்திலிருந்து எறிந்தே பழகாதவளுக்கு அங்கே நிற்கும்போது பயம் வருவது நியாயம்தானே. அப்போது தேவைப்படுவது தைரியமல்ல, இடது பக்கத்தில் பயிற்சி.

நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் மாவன் அத்தபத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்களில் அவர் எடுத்த மொத்த ஓட்டம் 1. மற்ற ஐந்தும் பூச்சியம். அதே மனிதர் பிறகு ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார்.

போட்டியில் எறிந்தது தவறிவிட்டால், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை நீங்களே பிடித்து மறுபடி எறியலாம். விதி அதற்கு இடம் தருகிறது. தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பவளுக்கு அந்தப் பந்து கிடைக்காது. ஆகவே பயிற்சியில் வேண்டுமென்றே விளிம்பில் இடிக்கும்படி எறிந்து, தெறிக்கும் பந்துக்கு உடனே பாய்ந்து பழகுங்கள். இதை மட்டும் தனியாக ஒரு கால் மணி நேரம் செய்யுங்கள்.