கட்டுமானக்காரர்களுக்குப் பேரிடர் மேலாண்மை: கேள்வி பதில்

பல்கலைக்கழகமும் கட்டுமான நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் பேரிடர் மேலாண்மை வகுப்பில் பாடம் எடுக்கிறேன். கேளுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகமே நடத்தலாமே, கம்பெனி எதற்கு?

ஒரு உதாரணம் சொல்கிறேன். தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனையை 135 டிகிரி வளைத்து உள்ளே விட வேண்டும். 90 டிகிரியில் விட்டால், நிலநடுக்கத்தில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும், நீளக் கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் போய்விடும். இதை வகுப்பில் 5 நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சைட்டில் ஏன் 90 டிகிரி போடுகிறார்கள்? கம்பி நெருக்கமாக இருக்கும் இடத்தில் கொக்கி நுழையாது என்று ஒரு கம்பி மேஸ்திரி சொன்ன பிறகுதான், தவறு வரைபடத்திலேயே தொடங்குகிறது என்பது வடிவமைப்பவருக்கு உறைக்கிறது. அந்தப் பேச்சுதான் பாடம். அதனால் கம்பெனிகள் தங்கள் சொந்த வரைபடங்களோடு, சொதப்பியவற்றையும் சேர்த்தே, வர வேண்டும் என்று கேட்பேன்.

கேள்வி: சர்டிபிகேட் உண்டா?

உண்டு.

கேள்வி: செண்டாய் கட்டமைப்பு அரசுகளுக்கானது, எங்களுக்கு என்ன?

அது பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஐ.நா. உறுப்பு நாடுகள் 2015-இல் ஏற்று 2030 வரைக்கும் வைத்திருக்கும் திட்டம். அதன் நான்காவது முன்னுரிமையில், மீட்பின்போது முன்பைவிட நன்றாகக் கட்டுவது வருகிறது. கட்டப்போவது நீங்கள்தானே? எந்தக் கட்டடத்துக்குள் மறுபடி நுழையலாம் என்று பார்த்துச் சொல்லவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

கேள்வி: ஆன்லைன் சர்டிபிகேட்...

மூன்றாவது முறை கேட்கிறார்கள். ரிங் முனையை ஆன்லைனில் பார்க்க முடியாது, சைட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: சார், பார்க்கிங் வேண்டும் என்று தரைத்தளச் சுவரை எடுக்கச் சொல்வது ஓனர். அவருக்குப் பாடம் நடத்துங்கள், கான்ட்ராக்டரை விடுங்கள்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். சுவரை எடுத்தால் தரைத்தளம் விறைப்பு குறைந்து நிலநடுக்கத்தில் பலவீனமாகும், அதில் ஓனருக்கும் பொறுப்பு உண்டு. சிலியில் சட்டப்படி கட்டமைப்புக் குறைக்கு முதலில் விற்ற உரிமையாளர் 10 ஆண்டு பொறுப்பு. 2010-இல் அங்கே 8.8 அளவில் நிலநடுக்கம், இறந்தவர்கள் சுமார் 500 பேர். அதே ஆண்டு ஹெய்ட்டியில் 7.0 தான், ஒரு லட்சத்துக்கும் மேல் போனார்கள். ஆழம், தூரம் எல்லாம் வேறுதான், ஆனாலும் கட்டிய விதம் பெரிய காரணம்.

அதே நண்பர்: அப்போ சட்டம்தானே தேவை, வகுப்பு எதற்கு?

சட்டம் சைட்டில் நின்று கம்பி எண்ணாது. அப்புறம், ஓனரிடம் வெறுமனே முடியாது என்று சொன்னால் அவர் வேறு கான்ட்ராக்டரைப் பிடிப்பார். பார்க்கிங்கும் இருக்கும், இரு திசையிலும் கான்கிரீட் சுவர் வைத்துத் தரைத்தளத்தை விறைப்பாக்கலாம், செலவு இவ்வளவு என்று சொல்லத் தெரிந்தால் பேரம் அங்கே தொடங்கும். அதைத்தான் சொல்லித் தருகிறோம். அடுத்த வகுப்புக்கு உங்கள் ஓனரையும் கூட்டி வாருங்கள்.

கேள்வி: காப்பீடு பற்றி?

அது என் துறை இல்லை, காப்பீட்டு ஆலோசகரிடம் கேளுங்கள்.