நுரையீரலில் ஒளிர்வு என்று பெட் சி.டி. அறிக்கை சொன்னால் புற்றுநோய் பரவிவிட்டது என்றே பொருளா?

அப்படி இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். பெட் சி.டி. என்பது இரு படங்களின் சேர்க்கை: உடலின் அமைப்பைக் காட்டுவது சி.டி.; ஊசியில் செலுத்திய கதிரியக்கச் சர்க்கரைப் பொருள் அதிகம் சேரும் இடங்களை ஒளிர்வாகக் காட்டுவது பெட். உங்கள் தந்தையாரின் அறிக்கையில் ‘வலது நுரையீரலின் அடிப்பகுதியில் ஒளிர்வு’ என்று இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பச்சியின் அறிக்கையிலும் ஏறக்குறைய இதே வரி இருந்தது. நான் மருத்துவன் அல்லன், பட்டதைச் சொல்கிறேன்.

அப்பச்சிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கல்லீரலின் உச்சியில் ஒரு கட்டி இருப்பது முன்பே தெரியும். அதை அறுத்து எடுத்துவிடலாம் என்றிருந்த நிலையில்தான் மதுரையில் எடுத்த பெட் சி.டி. நுரையீரலிலும் ஒன்று இருப்பதாகக் காட்டியது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே அறிக்கை காரைக்குடிக்கு, எங்கள் கைபேசிக்கு வந்துவிட்டது. ஆத்தா உணவை மறந்தார்; பங்காளிகள் வந்து, இனிக் கத்தி வைக்க வேண்டாம், இருக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் இத்தகைய வரியைக் குடும்பத்தின் கையில் கொடுப்பது கொடுமை என்று இன்றும் நினைக்கிறேன்.

அறுவை மருத்துவர் இரு படங்களையும் தனித்தனியே திறந்து பார்த்தார். சி.டி.யில் அந்த இடத்தில் நுரையீரல் தெளிவாகவே இருந்தது. சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடுகிறது; பெட் ஒவ்வொரு பகுதிக்கும் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதால் அதற்குள் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் அதன் கீழுள்ள கல்லீரலும் பலமுறை ஏறி இறங்குகின்றன. ஆழ்ந்து மூச்சிழுத்துக் கல்லீரல் தாழ்ந்திருக்கையில் சி.டி.யும், இயல்பான மூச்சில் பெட்டும் பதிவானால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது கல்லீரல் உச்சியிலுள்ள கட்டி நுரையீரலுக்குள் இருப்பதுபோல் விழுந்துவிடும். மூச்சின் போக்கைக் கணக்கில் கொண்டு அப்பகுதியை மீண்டும் எடுத்தபோது, அந்த ஒளிர்வு கல்லீரல் கட்டியோடு சேர்ந்துகொண்டது. அறுவை சிகிச்சையும் நடந்தது.

ஸ்கேனை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். உண்மையான பரவலும் இப்படித்தான் ஒளிரும், மிகச் சிறிய முடிச்சுகள் ஒளிராமலே தப்பிவிடவும் கூடும். ஊசி போட்ட இடத்திலிருந்து நகர்ந்த நுண்ணிய இரத்தக்கட்டி நுரையீரலில் தங்கினாலும், சி.டி.யில் ஒன்றுமில்லாமல் பெட்டில் மட்டும் புள்ளி தெரிவதுண்டு. காசநோய் வேறு வகை: அது சி.டி.யிலும் தெரியும், பெட்டிலும் ஒளிரும். பெரும்பாலும் திசுப் பரிசோதனைதான் அதைப் புற்றுநோயிலிருந்து பிரித்துச் சொல்லும்.

ஆகவே அந்தப் புள்ளி சி.டி.யிலும் இருக்கிறதா, கல்லீரல் உச்சியில் ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போடாமல், காகித அறிக்கையோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் போங்கள். எங்கள் மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்.