தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தும் ஐரோப்பியப் போட்டிக்கு ஏன் போக வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிறிய லீக்கில் ஆடும் ஐஸ் ஹாக்கி கிளப் ஒன்று ஸ்வீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து அணிகள் ஆடும் ஐரோப்பியப் போட்டியில் சேர்ந்து என்ன காணப்போகிறது, பணம்தானே வீண்?

வீண் இல்லை. உங்கள் ஊர் அணி முதல் ஆட்டத்திலேயே ஆறேழு கோல் வாங்கியதைப் பார்த்துவிட்டு, மனம் வெந்துபோய் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த வேதனை எனக்கும் தெரியும். ஆனால் 'போகவே கூடாது' என்ற முடிவுக்கு மட்டும் தயவுசெய்து வந்துவிடாதீர்கள்.

நான் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஐஸ் ஸ்கேட்டிங் இந்த ஊரின் பெருமை. 1984 சாராயெவோ ஒலிம்பிக்கில் ஐஸ் நடனத்தில் தங்கம் வென்ற ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். டார்வில் காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தாவாகவும், டீன் போலீஸ்காரராகவும் வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஆடிய இசையின் பெயரையே ஐஸ் அரங்கத்தின் முன்னுள்ள சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள்: பொலேரோ சதுக்கம். என் மகள் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டது அந்த அரங்கத்தில்தான். அங்கே ஆடும் நாட்டிங்காம் பாந்தர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அவள் வழியாகத்தான்.

2014இல் சாம்பியன்ஸ் ஹாக்கி லீக் என்ற ஐரோப்பிய கிளப் போட்டி தொடங்கியபோது, முதல் பருவத்திலேயே பாந்தர்ஸுக்கு இடம் கிடைத்தது. குழுவில் ஸ்வீடனின் லூலியோ, பின்லாந்தின் லுக்கோ, ஜெர்மனியின் ஹாம்பர்க். அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. அந்த லூலியோதான் அந்தப் பருவத்தின் கோப்பையை வென்றது. எங்களுக்கு எப்படிப்பட்ட குழு வாய்த்தது என்று இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் போட்டி ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் அணிகளின் வெளிநாட்டு வீரர்கள் பலர் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து பெட்டியை இறக்குவதே அந்த மாதத்தில்தான். எதிரே நிற்கும் அணியோ கோடை முழுவதும் ஒன்றாகப் பயிற்சி செய்திருக்கும். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஐவரும் மாறி மாறி இறங்கும் ஆட்டம் இது. இப்படி மாறி மாறி இறங்கும் நான்கு வரிசை ஆட்களும் சமமான திறமையோடு இருக்கும் அணிக்கு ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பகுதியிலும் கால் ஓடும், நமக்கு ஓடாது. தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், மனத்துணிவு குறைந்ததால் அல்ல. முதல் முறை போகும் அணி இதை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள முடியும். உள்ளூர் லீக்கில் வாரா வாரம் ஜெயித்துக்கொண்டிருந்தால் யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

சரி, 2017 ஜனவரிக்கு வருகிறேன். கான்டினென்டல் கோப்பை என்று ஒன்று உண்டு. பெரிய லீக்குகளுக்கு வெளியே இருக்கும் நாடுகளின் கிளப்புகளுக்கான போட்டி. முந்தைய சுற்றைக் கடந்து பாந்தர்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது. இத்தாலியின் வடக்கே ரிட்டன் என்ற மலையூரில் நான்கு அணிகள், வெள்ளி முதல் ஞாயிறு வரை. நடுநாளான சனிக்கிழமை பொங்கல்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வார்டில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பணி என் தலையில்தான் விழும். "உங்களுக்கு அது பண்டிகை இல்லையே" என்பது காரணம். நல்லது, செய்கிறேன், மற்றவர்கள் குழந்தைகளோடு இருக்கட்டும். ஆனால் தீபாவளிக்கு விடுப்புக் கேட்டால், "அது அரசு விடுமுறை இல்லையே" என்பார்கள். என் பண்டிகைக்கும் விடுப்பு இல்லை, அவர்கள் பண்டிகைக்கும் வேலை. பட்டியல் போடுபவரிடம் எழுத்தில் கொடுத்தேன், நேரிலும் கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். பல ஊர்களிலிருந்து வந்து இங்கே மருத்துவமனைகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் செவிலியர்கள் பலருக்கு இது நடக்கிறது. இதைப் படிக்கும் யாராவது பட்டியல் போடும் இடத்தில் இருந்தால், கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். 2016 கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் இரவுப் பணி செய்ததற்கு ஈடாகத்தான் ஜனவரியில் அந்த மூன்று நாட்களைக் கேட்டு வாங்கினேன். பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அம்மா தொலைபேசியில், "பொங்கலன்று பால் பொங்க வைக்காமல் மலைமேல் என்ன வேலை?" என்று கேட்டார். என் கணவர் மட்டும், "நீ போய்விட்டு வா, பானையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மகளுக்கு வெள்ளிக்கிழமை பள்ளி இருந்ததால் அவளை அழைத்துப்போக முடியவில்லை.

போல்சானோ நகரிலிருந்து கேபிள் காரில் மேலேறி, அங்கிருந்து பழைய சிறிய ரயிலில் போக வேண்டும். மொத்த ஊராட்சியிலும் சுமார் 8,000 பேர்தான். அவர்களுக்கு ஒரு ஐஸ் அரங்கம், பக்கத்திலேயே திறந்தவெளியில் வேகச் சறுக்குக்கான 400 மீட்டர் தடம், இத்தாலிய சாம்பியனான ஒரு அணி! நாங்கள்தான் எளிய அணி என்று நினைத்துப் போன எனக்கு, அந்த ஊரைப் பார்த்ததும் மரியாதை வந்தது. மற்ற இரண்டு அணிகள் டென்மார்க்கின் ஓடென்சே, கஜகஸ்தானின் பெய்பாரிஸ் அத்திராவ். காஸ்பியன் கடலோரத்திலிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு வந்திருந்தவர்களிடம் யாரும் 'ஏன் வந்தீர்கள்' என்று கேட்கவில்லை.

நாட்டிங்காமிலிருந்து வந்திருந்த கூட்டம் அந்தச் சின்ன அரங்கத்தை அதிர வைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், 1980இல் பாந்தர்ஸ் மறுபடி தொடங்கப்பட்ட நாளிலிருந்து பார்த்துவருகிறாராம். இருபது ஆண்டுகள் அணியே இல்லாமல் இருந்த ஊர் இது. ஒவ்வொரு முறை பக் (பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் ரப்பர் வட்டு) எங்கள் கோல் பக்கம் வரும்போதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வார இறுதியின் முடிவில் கோப்பை எங்களுடையது. பிரிட்டிஷ் ஐஸ் ஹாக்கி கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. பயிற்சியாளர் கோரி நீல்சனும் வீரர்களும் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்தபோது அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டு மகளிடம் என்ன சொன்னேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

'அது இரண்டாம் நிலைக் கோப்பைதானே' என்று சிலர் வருவார்கள். ஆம், இரண்டாம் நிலைதான், நான் மறுக்கவில்லை. 'ஜெயித்தது கனடாக்காரர்கள்' என்றும் சொல்வார்கள். வெளிநாட்டு வீரர்கள் இல்லாத கிளப் ஐரோப்பாவில் எத்தனை இருக்கிறது? டேவிட் கிளார்க், ஸ்டீபன் லீ போன்ற இங்கிலாந்து வீரர்கள் ஆண்டுக்கணக்கில் இந்த அணிக்காக உழைத்ததை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

அந்த வெற்றியால் அடுத்த பருவம் மறுபடி சாம்பியன்ஸ் ஹாக்கி லீக்கில் இடம் கிடைத்தது. 32 அணிகள், எட்டுக் குழுக்கள். எங்களோடு சுவிஸ் சாம்பியன் பெர்ன், பின்லாந்தின் துர்க்கு, செக் நாட்டின் மவுண்ட்ஃபீல்ட். கடைசி இடம் எங்களுக்கு என்று எல்லாரும் எழுதியாகிவிட்டது. பாந்தர்ஸ் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்து கடைசி 16 அணிகளில் ஒன்றானது. அதையும் ஒரு பிரிட்டிஷ் அணி அதற்கு முன் செய்ததில்லை. பிறகு சூரிச்சிடம் தோற்றது. 2014இல் போகாமல் இருந்திருந்தால் 2017இல் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

நாட்டு அணியையும் பாருங்கள். 1994க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப்பின் மேல்பிரிவை எட்டாத பிரிட்டன், 2018இல் புடாபெஸ்ட்டில் ஹங்கேரிக்கு எதிராகக் கடைசி 15.8 வினாடிகள் இருக்கும்போது கோல் போட்டுச் சமன் செய்து மேலே ஏறியது. மறு ஆண்டு 0-3 என்று பின்தங்கியிருந்து பிரான்ஸை 4-3 என்று வென்று மேல்பிரிவில் தங்கியது. பெரிய அணிகளை ஐரோப்பியப் போட்டிகளில் எதிர்த்து ஆடிப் பழகிய கால்கள் அந்த அணியில் இருந்தன.

உங்கள் அணியின் சொந்த ஊர் ஆட்டம் இன்னும் பாக்கி இருந்தால், டிக்கெட் வாங்கிவிடுங்கள். கோலுக்குப் பின்னால் உட்காராமல் நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில் இடம் பாருங்கள். பெரிய அணி எப்படி வரிசை மாற்றுகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.