குதிகால் கூடிவிட்டது, நடை ஏன் கூடவில்லை?

குதிகால் எலும்பு முறிவுக்கு ஆங்கில மருத்துவர்களிடம் ஒரு பழைய கேலிப் பெயர் உண்டு: 'காதலர் முறிவு'. கணவன் வரும் சத்தம் கேட்டு மாடி ஜன்னல் வழியாகக் குதித்தவனுக்கு வருவதாம். எனக்கு எழுதுபவர்களில் அப்படி யாரும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், தென்னையிலிருந்து நழுவியவர், தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏணியில் ஏறிய இல்லத்தரசி என்று எல்லாமே பிழைப்புக்கும் வீட்டு வேலைக்கும் ஏறி விழுந்தவர்கள். இந்த முறை அவர்கள் கேள்விகளும் என் பதில்களும் மட்டும்.

பெயின்டிங் வேலை. 14 அடி உயரத்திலிருந்து விழுந்து வலது குதிகால் நொறுங்கியது. பிளேட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. எக்ஸ்ரே பார்த்து 'எலும்பு நன்றாகக் கூடிவிட்டது' என்கிறார்கள். ஆனால் பாரமெல்லாம் பாதத்தின் வெளி ஓரத்தில் விழுகிறது. அந்தக் கால் இரண்டு முறை பிசகியும் விட்டது. ஏன்?

கூடுவது வேறு, நேராகக் கூடுவது வேறு. உங்கள் எலும்பு கூடியிருக்கும், சற்றே உள்பக்கம் சாய்ந்து கூடியிருக்கலாம்.

பின்னாலிருந்து பார்த்தால் நல்ல குதிகால் செங்குத்தாக இருக்காது. ஏறத்தாழ 5 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். உயரத்திலிருந்து விழும்போது மேலே உள்ள கணு எலும்பு ஆப்பு மாதிரி இறங்கிக் குதிகாலைப் பிளக்கிறது. பிளந்ததில் பின்பக்கத் துண்டை, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் மேலே இழுக்க, அந்தத் துண்டு உள்பக்கமாகவும் சாய்கிறது. அதே நிலையில் கூடிவிட்டால் இரண்டு தொல்லை. பாரம் சுண்டுவிரல் பக்க ஓரத்துக்குப் போய்விடும், அங்கே காய்ப்பும் வலியும் வரும். அதைவிடப் பெரியது இரண்டாவது. குதிகால் உள்ளே திரும்பியிருந்தால் நடுப்பாதத்து மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், பாதம் பலகையாகிவிடும். தரை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டிய பாதம் விறைத்து நின்றால், ஒரு சிறு கல்லே கணுக்காலைப் புரட்டிவிடும். இரண்டு முறை பிசகியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆறு மாதமாகப் போடும் ரப்பர் செருப்பை எடுத்துத் திருப்புங்கள். வலது செருப்பின் குதிப் பகுதி இடதைவிட வெளி ஓரத்தில் அதிகம் தேய்ந்திருக்கிறதா? பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, வெறுங்காலோடு இரண்டு பாதமும் நேராகப் பார்க்க நில்லுங்கள். யாரையாவது தரையோடு செல்போனை வைத்துப் பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி இல்லையென்றால் அந்தப் படத்தோடு மருத்துவரிடம் போங்கள். நோயாளியைப் படுக்கவைத்தே பார்த்து அனுப்பிவிடும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. குதிகாலை நிற்கவைத்துப் பின்னாலிருந்து பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயிலும் ஒரு சூட்சுமம். வழக்கமாக எடுப்பது பக்கவாட்டுப் படம். அதில் வியன்னாவின் எலும்பு மருத்துவர் லோரன்ஸ் போலர் 1931-ல் விவரித்த கோணத்தை அளப்பார்கள். 20 முதல் 40 டிகிரி வரை இருந்தால் குதிகாலின் உயரம் சரி என்று பொருள். உயரம் மட்டும்தான், சாய்வு அதில் தெரியாது. அதற்குக் குதிகாலின் நீளவாட்டத்தில் எடுக்கும் 'ஆக்சியல்' படமும், நின்றபடி பின்னாலிருந்து எடுக்கும் படமும் வேண்டும். மூட்டுப் பரப்பைப் பார்க்க சி.டி. ஸ்கேன்.

அடுத்து என்ன? குதிகாலைக் கையால் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினால் அசைகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அசைந்தால் செருப்பின் வெளி ஓரத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்திய எம்.சி.ஆர். (மிருதுவான நுண்துளை ரப்பர்) செருப்பே பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். விறைத்துப்போயிருந்தால் செருப்பு ஓரளவுக்குத்தான் உதவும். அப்போது எலும்பின் வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத் துண்டை எடுத்து நேராக்கும் அறுவை சிகிச்சை உண்டு. டுவயர் என்ற மருத்துவர் 1959-ல் எழுதியது, இன்றும் செய்கிறார்கள். கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டும் தேய்ந்திருந்தால், நேராக்கும்போதே அதை இணைத்துவிடுவார்கள்.

எனக்குக் குதிகால் நேராகத்தான் இருக்கிறது என்று டாக்டர் படம் காட்டினார். ஆனாலும் அந்தக் காலில் ஐந்து விநாடி நிற்க முடியவில்லை. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் விழுந்துவிடுவேனோ என்று சுவரைப் பிடிக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்.

சோப்பு உதாரணத்தை இனி என் நோயாளிகளுக்குச் சொல்லப்போகிறேன். உங்கள் பிரச்சினை எலும்பில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று தகவல்களால்: கண், உள்காது, பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள நரம்பு உணரிகள். 'பாதம் இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது' என்று மூளைக்குச் சொல்வது மூன்றாவது. முறிவிலும் அறுவை சிகிச்சையிலும் மூட்டைச் சுற்றிய தசைநார்கள் அடிபடுகின்றன, பிறகு இரண்டு மூன்று மாதம் அந்தக் கால் தரையையே தொடுவதில்லை. கெண்டைக்கால் தசையும் சூம்பிவிடும். இவ்வளவு நாளும் கண் அந்தக் குறையை ஈடுகட்டி வந்தது. கண்ணை மூடியதும் குட்டு வெளிப்படுகிறது.

முழுப் பாரம் வைக்க உங்கள் மருத்துவர் அனுமதித்திருந்தால் மட்டும் தொடங்குங்கள். சமையல் மேடையை இரு கையாலும் பிடித்து இரு குதிகாலையும் தூக்கி இறக்குவது முதலில். அது எளிதானதும் ஒரு விரல் மட்டும் மேடையில் வைத்து ஒற்றைக்காலில் நிற்பது. நல்ல காலில் எத்தனை விநாடி நிற்கிறீர்களோ அதுதான் உங்கள் இலக்கு. மடித்த போர்வை மேல் நிற்பது அதற்குப் பிறகு, கண்ணை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. குளியலறையில் ஒருபோதும் பழகாதீர்கள், அங்கே கைப்பிடி பொருத்துங்கள். பயிற்சி முடிந்து மறுநாள் காலை வீக்கமும் வலியும் கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பாதத்தை உள்ளும் வெளியும் சாய்க்கும் வேலை கணுக்காலுக்குக் கீழே உள்ள சப்டேலார் மூட்டுடையது. குதிகால் நொறுங்கியபின் அந்த அசைவு முழுதாகத் திரும்புவது அபூர்வம். சமதரையில் நன்றாக நடப்பீர்கள். வரப்பும் ஜல்லிக்கல்லும் ஒன்றிரண்டு வருடம் கழித்தும் சிரமம் தரலாம்.

குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. வீட்டில் இந்தியக் கழிப்பறைதான்.

முழங்காலை முன்னால் மடக்கி உட்காரப் பாருங்கள். எங்கே தடுக்கிறது? பின்னால் குதிநாணில் இழுத்தால் தசை இறுக்கம், பிசியோதெரபியில் பெரும்பாலும் தளரும். கணுக்காலுக்கு முன்னால் இடிப்பதுபோல் கிள்ளினால், குதிகால் உயரம் குறைந்து, அதன் மேல் உள்ள எலும்பு படுத்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். நீட்டும் பயிற்சியை வலிந்து செய்தால் அந்த இடிப்பு அதிகமாகும். குதிகால் பக்கம் சற்று உயர்ந்த செருப்பு நடைக்கு உதவும். கழிப்பறைக்கு, கடையில் கிடைக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியே போதும். இதில் வெட்கம் எதற்கு?

அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு, பீடி பிடிப்பார். விழுந்து ஒன்பது நாள் ஆகியும் ஆபரேஷன் செய்யாமல் 'வீக்கம் வடியட்டும்' என்கிறார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிடாதா?

காத்திருப்பவர் நல்ல மருத்துவர். குதிகாலின் பக்கவாட்டில் இருப்பது மெல்லிய தோல், அந்தத் தோலுக்கு அடியில் சதை கிடையாது. வீங்கிய தோலைக் கீறினால் புண் ஆறாது, பிளேட் வெளியே தெரியும், சீழ் எலும்புக்குப் போகும். தோலில் மறுபடி சுருக்கம் விழும்வரை, ஒன்று முதல் இரண்டு வாரம் பொறுப்பது வழக்கம். மூன்று வாரத்தைத் தாண்டினால்தான் துண்டுகளை நகர்த்துவது கஷ்டமாகும். அதற்குள் காலை உயர்த்தி வையுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், பீடியை நிறுத்துங்கள். மூன்றில் முக்கியமானது பீடிதான்.

அறுவை சிகிச்சை தேவையா என்றும் கேட்டுப் பாருங்கள். 151 நோயாளிகளை வைத்து பிரிட்டனில் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்து வலியிலும் நடையிலும் வித்தியாசமில்லை, சிக்கல்கள் செய்தவர்களுக்கே அதிகம். ஆனால் மிக மோசமாகக் கோணியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உங்கள் அப்பா எந்த வகை என்பது சி.டி. ஸ்கேனில் தெரியும். முதுகு வலி இருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். குதிகாலில் விழுந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும், கால் வலியில் அது மறைந்துபோகும்.

கூடிய எலும்பை எண்ணெய்க் கட்டு போட்டு நேராக்க முடியுமா?

முடியாது.

பிளேட்டை எடுத்துவிட்டால் சாய்வு சரியாகுமா? வெளிக்கணுவுக்குக் கீழே உரசுகிறது.

சாய்வு மாறாது, உரசல் நிற்கலாம். வெளிக்கணுவுக்குப் பின்னால் ஓடும் தசைநாண்கள் ஸ்க்ரூ தலையில் உரசினால், எலும்பு முழுதாகக் கூடியபின் பிளேட்டை எடுத்துவிடலாம். ஆனால் குதிகாலே அகன்று கூடி, அந்த எலும்புதான் இடிக்கிறதென்றால் பிளேட்டை மட்டும் எடுத்துப் பயனில்லை, துருத்திய எலும்பையும் செதுக்க வேண்டியிருக்கும். ஆகவே தேதி குறிப்பதற்குமுன் உரசுவது இரும்பா எலும்பா என்று கேளுங்கள். பாதத்தின் வெளி ஓரம் மரத்திருக்கிறதா என்பதையும் இப்போதே குறித்துக் கொடுங்கள். கீறல் போகும் வழியில்தான் அந்த உணர்ச்சி நரம்பும் போகிறது, மறுபடி அதே இடத்தில் கத்தி வைப்பவர் அதைத் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது.