வாசகர் கேள்வி – பதில்: மசில்லோடர் வாங்குமுன்

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்கிறான். இந்த ஆண்டு நண்பர்களுடன் மான் வேட்டைக்குப் போவதற்காக, குழலின் வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் மசில்லோடர் ரைஃபிள் ஒன்றை வாங்க விரும்புகிறான். 400 டாலருக்கு மேல் செலவிட அவனுக்கு மனமில்லை. எங்கள் ஐயா காலத்தில் வீட்டில் அப்படி ஒரு துப்பாக்கி இருந்ததால் எனக்கு விவரம் தெரியும் என்று எண்ணி என்னிடம் கேட்கிறான். விலை குறைந்ததும் நம்பத்தக்கதுமான ஒன்றை எப்படித் தெரிந்தெடுப்பது? வாங்கியதைப் பின்னாளில் ஊருக்குக் கொண்டுவர முடியுமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தங்கள் மகன் எந்தப் பருவத்தில் வேட்டைக்குப் போகப் போகிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் அக்டோபர் மாதத்தில் கொம்பில்லாத மான்களுக்கென ஒரு மசில்லோடர் பருவம் உண்டு. அதில், குழலுக்கு நேர் பின்னாலிருந்து தீ மூட்டும் இக்கால இன்லைன் வகைத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி வரை நீளும் இன்னொரு பருவம், 1974 முதல் நடந்துவருவது, சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. எனவே டிசம்பர் வேட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்லைன் வாங்கினால், எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அந்தப் பணம் வீண். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் தொலைநோக்கிக் குறிகாட்டிக்கு அனுமதியில்லை. வில்லைகளாக அழுத்திய மருந்தையும் அங்கே பயன்படுத்தக் கூடாது. ஆகவே நண்பர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்தந்த ஆண்டின் அரசு விதிநூலை அவரே படிக்கட்டும். முதன்முறை வேட்டை உரிமம் பெறுவோர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்தாக வேண்டும் என்பதும் அங்குள்ள விதி.

ஃபிளின்ட்லாக் என்பது நம் சீமைக்குப் புதியதன்று. 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்துக் காளையார்கோவில் காட்டுக்குள் வந்த கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்தியிருந்தது அந்த வகைதான். விசையை இழுத்ததும் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். அப்பொறி கிண்ணத்திலுள்ள நுண்ணிய மருந்தைப் பற்றவைக்கும். அந்தத் தீ சிறு துளை வழியே உள்ளே சென்று பெருமருந்தைக் கொளுத்தும். இத்தனையும் நடந்து குண்டு வெளியேறும் வரை குறி அசையாமல் நிற்க வேண்டும். ஈரக்காற்று ஒன்றே அதைப் பழுதாக்கப் போதும். கருமருந்துக்கு மாற்றாக வரும் வெடிமருந்துகள் பற்றுவதற்கு அதிக வெப்பம் வேண்டியிருப்பதால் ஃபிளின்ட்லாக்கில் அசல் கருமருந்தைத்தான் நம்ப முடியும். அதை எல்லாக் கடைகளிலும் விற்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் அக்டோபர் பருவத்தையும் இன்லைன் வகையையும் தெரிந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

டோனி நைட் என்னும் மிசௌரிக்காரர் 1985இல் எம்.கே.-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்த பின்னரே இன்லைன் வகை பரவலாயிற்று. இதில் தீ மூட்டும் கேப் குழலுக்கு நேர் பின்னால் அமர்ந்திருப்பதால் தீ வளையாமல் மருந்தைச் சேர்கிறது. இன்று பெரும்பாலானவை 209 என்ற எண்ணுள்ள, ஷாட்கன் தோட்டாவுக்குரிய பிரைமர் எனும் தீமூட்டும் கேப்பை ஏற்பவை. நடுவில் மடிந்து திறக்கும் அமைப்புடைய எளிய மாதிரிகள், எடுத்துக்காட்டாக சி.வி.ஏ. நிறுவனத்தின் உல்ஃப், டிரடிஷன்ஸ் நிறுவனத்தின் பர்சூட் போன்றவை, தங்கள் மகன் கூறும் தொகைக்குள் கிடைக்கக் கூடியவை. அவற்றுக்கும் இருமடங்கு விலையுள்ளவற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் கட்டையின் அழகிலும் விசையின் மென்மையிலும் இருக்கிறதே தவிர, நூறு கஜத்துக்குள் நிற்கும் மானைப் பொறுத்தவரை அது பொருட்டன்று. பென்சில்வேனியாவின் அடர்ந்த காடுகளில் அதற்கு மேற்பட்ட தூரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் அரிது.

பணத்தைக் குழலில் போடச் சொல்லுங்கள். .50 காலிபர், அதாவது அரை அங்குல விட்டம், எளிதில் குண்டு கிடைக்கும் அளவு; வெள்ளைவால் மானுக்கு அது போதும். உட்புறச் சுருள்வரி 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்தால் இக்கால நீள்குண்டுகளுக்குப் பொருந்தும். 60 அங்குலத்துக்கு மேல் ஒரு சுற்று என்றிருப்பது துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, குறி தவறுகிறது என்று துப்பாக்கியைப் பழிப்பவர்கள் பலர். விலை சற்றுக் கூடினாலும் துருப்பிடிக்காத எஃகுக் குழலையே வாங்கட்டும். கருமருந்தும் பைரோடெக்ஸ் போன்ற மாற்றுகளும் எரிந்தபின் விடும் உப்புக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றைக்கே சோப்பும் வெந்நீரும் கொண்டு குழலைக் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உள்ளே குழிகள் விழுந்துவிடும். ஆதலால் குழலின் பின்முனையை அடைக்கும் திருகைக் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது அவசியம். கழுவ எளிதான துப்பாக்கியைத்தான் மனிதர் கழுவுவார்கள்.

பழைய துப்பாக்கியை மலிவாக வாங்கலாமா என்றும் அவர் கேட்கக்கூடும். பின்முனைத் திருகைக் கழற்றி, விளக்கொளியில் குழலின் உட்புறம் முழுவதையும் காட்ட விற்பவர் சம்மதித்தால் மட்டுமே வாங்கலாம். திருகு இறுகிப்போய்க் கழலவில்லை என்றால் அது கழுவப்படாத துப்பாக்கி. அதற்குமேல் பேசவே தேவையில்லை.

400 டாலரில் நூறையாவது மருந்துக்கும் குண்டுக்கும் பிரைமருக்கும் அளவைக்குழாய்க்கும் கழுவும் பொருள்களுக்கும் ஒதுக்கிவைத்து, மிச்சத்தில் ரைஃபிளைத் தேடச் சொல்லுங்கள். தோட்டாக்களில் பயன்படும் புகையில்லா மருந்தை இதில் இடவே கூடாது. அதன் அழுத்தம் குழலை வெடிக்கச் செய்து கையையும் கண்ணையும் பறித்துவிடும். மருந்தின் அளவு, துப்பாக்கியுடன் வரும் கைப்புத்தகத்தைத் தாண்டக் கூடாது. குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர வேண்டும். பாதியில் நின்ற குண்டின்கீழ் இடைவெளி இருந்தாலும் குழல் பிளக்கலாம். அதனால் சரியாகக் கெட்டித்த நிலையில், குண்டை உள்ளே தள்ளும் கம்பி எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு இட்டுக்கொண்டால், மருந்து இருமுறை விழுந்ததா, குண்டு முழுவதும் இறங்கியதா என்பதை ஒவ்வொரு முறையும் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்தை அவர் விட்டுவிடட்டும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் பழம்பொருள் வகையில் சேர்த்திருக்கலாம். ஆனால் இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இவற்றுக்கும் உரிமம் தேவை. வேட்டைக்கோ இங்கே இடமே இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. முயலும் கௌதாரியும்கூட அதற்கு விலக்கல்ல. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடியில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வைக்காமல் இருக்கிறார்கள். அத்தகைய ஊர்களை அயலாகக் கொண்ட நாம் இந்தச் சட்டத்தைச் சுமையாகக் கருத வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டு அறையில், பெட்டகத்துக்குப் பின்னால் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஐயா பெயரில் எஸ்.பி.எம்.எல். என்று குறித்த உரிமப் புத்தகமும் இருக்கிறது. அது காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆயின. சுத்தம் செய்து முகப்பில் மாட்டலாமா?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தயவுசெய்து முதலில் அதைத் தொடாமல் அறையைப் பூட்டிவைத்து, பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். எஸ்.பி.எம்.எல். என்பது ஒற்றைக்குழல் மசில்லோடரைக் குறிப்பது. இவ்வகையில் மருந்தும் குண்டும் உள்ளே கெட்டித்தபடியே தலைமுறைகள் கடந்துவிடுவது உண்டு. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் அமைந்த கருமருந்து, ஈரம் படாதவரை நூறாண்டு கழித்தும் வெடிக்கும். துடைக்கும்போது குதிரை எனப்படும் சுத்தி விழுந்து வெடித்து உயிர் போன வீடுகளும் உண்டு. நெருப்பையோ சூடான கம்பியையோ அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது.

உரிமதாரர் காலமானபின் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும். உரிமப் புத்தகத்தையும் ஐயாவின் இறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துச் செல்லாமல், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள்; அதைப் பத்திரப்படுத்துங்கள். வாரிசாக அதை வைத்துக்கொள்ள விரும்பினால் சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தங்கள் பெயரில் புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். சுட இயலாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டென்றாலும், அது அப்படிப்பட்டதா என்பதை வீட்டார் முடிவு செய்ய முடியாது. குழலில் மருந்து இல்லை என்று உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் எழுதித் தந்து, ஆட்சியர் அலுவலகத்தின் ஆணையும் கைக்கு வந்தபிறகு முகப்பில் ஆணி அடியுங்கள்.