நீங்கள் கேட்டது: என் கால்பந்து அணிக்கும் 6ஆம் இடத்து அணிக்கும் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் (அடித்த கோல்களில் வாங்கியதைக் கழித்தது) எங்களுக்கே அதிகம். பிறகு ஏன் 7ஆம் இடம்?

பட்டியலில் பிழை இல்லை. ஸ்பெயினின் இரண்டாம் நிலை லீகான செகுண்டா டிவிஷனில் இரு அணிகள் புள்ளிகளில் சமமானால், முதலில் பார்ப்பது அவை தங்களுக்குள் மோதிய இரண்டு ஆட்டங்களைத்தான். மொத்தக் கோல் வித்தியாசம் அதற்குப் பிறகே. நீங்கள் இங்கிலாந்து லீக் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது. அங்கே கோல் வித்தியாசம்தான் முதலில்.

அந்த இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டிப் பாருங்கள். சொந்த மைதானத்தில் 1-0 என வென்று, வெளியே 0-2 எனத் தோற்றிருந்தால் உங்கள் அணி கீழேதான். கடைசி வாரம் அரை டஜன் கோல் அடித்ததெல்லாம் வீண். வயிற்றெரிச்சல் புரிகிறது.

மூன்று அணிகள் சமமாக இருந்தால், மூன்றும் தங்களுக்குள் ஆடியதை மட்டும் வைத்துத் தனிப் பட்டியல் போட வேண்டும்.

இன்னொன்று: முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களுக்குப் போகும் 3 முதல் 6 வரையுள்ள இடங்களில் ரியல் சொசியடாட் பி போன்ற ரிசர்வ் அணி (ஒரு கிளப்பின் இரண்டாம் அணி) இருக்கிறதா? தாய் கிளப் முதல் டிவிஷனில் இருக்கும்வரை அது மேலே ஏற முடியாது. அந்த பிளே-ஆஃப் இடம் உங்களுக்கு வரும்.